கோழி ஒன்பது, ஆமை எட்டு

எழுபது வயதை நெருங்கியபோது நான் பத்து வயதுப் பிள்ளையாக ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். சேர்த்துவிட்டவர் முதலியார்பேட்டையில் கடலூர் சாலை ஓரமாக பிரவுசிங் சென்டரும் ஜெராக்ஸும் நடத்திவந்த ஒரு அம்மாள். பிறந்த வருடம் என்ன என்று திரை கேட்டது. கீழே விரிந்த வரிசையில் என் வருடம் இல்லை.

"ஐயா, உங்க வருஷத்தக் காணோம்."

"எத்தினி வயசு வரைக்கும் இருக்கு?"

"பன்னண்டுதான் கடைசி."

"அப்ப பத்துன்னு போடுங்க."

"பத்து வயசுப் புள்ளைக்கு இவ்ளோ நரை ஆவாது" என்று சொல்லிக்கொண்டே போட்டார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர்கள் மூன்று பேரில் இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாமவன் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தான், இல்லாவிட்டால் அவனும் சிரித்திருப்பான்.

பள்ளிக்கூடம் என்றேன், அது ஓர் இணையதளம். பிரான்சில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் மனக்கணக்குப் பழகுவதற்காக யாரோ அமைத்தது. உள்ளே போனதும் ஒரு முற்றம் வரும். அந்த நேரத்தில் தளத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் அதில் பிராணிகளாக நிற்பார்கள். பெயர் போடக் கூடாது. கோழி, முயல், நத்தை, வாத்து என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் முதுகில் இன்னொருவர் எடுக்காத ஓர் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். முன்பின் தெரியாத பிள்ளைகள் சேரும் இடம் என்பதால் எழுதிப் பேசவும் வழி வைக்கவில்லை. நான்கே பொத்தான்கள் உண்டு. வணக்கம், ஆடலாமா, சபாஷ், போய் வருகிறேன். எல்லாம் பிரெஞ்சில். ஒரு பிராணியைத் தொட்டு 'ஆடலாமா' என்பதை அழுத்தி, அதுவும் சம்மதித்தால், இரண்டும் ஒரு பாதையின் தொடக்கத்துக்குப் போகும். கணக்குகள் ஒவ்வொன்றாக வரும். விடை சரியானால் ஓரடி முன்னால். பாதையின் முடிவில் இருக்கும் குளத்தை யார் முதலில் தொடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி.

என் பேத்தி அங்கே கோழி. எண் ஒன்பது.

என் மருமகன் சொல்தா வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்த வழியில் அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. அவர் முன்னால் போய், நிலையான வேலை தேடி, வீடு பிடித்து, மகளையும் பேத்தியையும் அழைத்துக்கொள்வதற்குள் பேத்திக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. அதுவரை அவள் வளர்ந்தது என் வீட்டில்தான். என் மனைவி காலமான பிறகு எனக்குத் துணையாக வந்து தங்கிய என் அக்கா, மகள், பேத்தி, நான் என்று நாலு பேர், கோழிகள் ஐந்து.

நான் பஞ்சாலையில் நூல் பொதிகளை எண்ணிக் கணக்கு வைத்தவன். ஆலையை விட்டு வந்த பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. தெருவிளக்குகளில் எத்தனை எரியவில்லை, கல்யாணப் பந்தியில் எத்தனை இலை, மாடிப்படியில் எத்தனை கீறல். பேத்தியிடமும் இது ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் ரயில்வே கேட் மூடியதும் அவளும் நானும் கம்பிக்குப் பின்னால் நின்று விழுப்புரம் வண்டியின் பெட்டிகளை எண்ணுவோம்.

"ஒம்போது தாத்தா."

"எட்டு."

"எஞ்சின விட்டுட்டீங்க."

"எஞ்சின் பெட்டி இல்ல."

"அதுவும் கூடத்தான வருது?"

இதை நாங்கள் எத்தனையோ சாயங்காலம் பேசியிருக்கிறோம். இரண்டு பேரும் இறங்கி வந்ததில்லை.

அவர்கள் ஒரு ஆடி மாதம் விமானம் ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் செய்வாள். பேத்தியிடம் கொடுத்தால் பேச்சு வராது. சாப்பிட்டாயா என்றால் 'ம்'. குளிருகிறதா என்றால் 'ம்'. ஒரு ஞாயிறு பதினோரு 'ம்' எண்ணினேன். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் பேச்சு என்று இருந்ததெல்லாம் கண் முன்னால் போகிற பொருள்களைப் பற்றித்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. போனில் ரயில் போகாது.

பிறகு ஒரு ஞாயிறு அவளாகவே ரிசீவரைப் பிடுங்கிப் பேசினாள்.

"தாத்தா, ஒரு கேம் இருக்கு. கணக்கு கேம். ரெண்டு பேர் ஆடலாம். நீங்க வாங்க. நான் கோழி. ஒம்போதாம் நம்பர்."

"ஏன் ஒம்போது?"

"உங்களுக்கே தெரியும்" என்று சிரித்தாள். போன பிறகு அவள் சிரித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்ப நான் எட்டு" என்றேன்.

"ஆமை வச்சிக்கோங்க தாத்தா. நீங்க மெதுவாத்தான போடுவீங்க."

மகள் வாங்கி விவரம் சொன்னாள். "ஸ்கூல்ல வாயே தொறக்கமாட்டேங்கறாப்பா. பாஷ வரலன்னு பசங்க சிரிக்கறாங்களாம். டீச்சர்தான் இந்த சைட்ட எழுதிக் குடுத்தாங்க, வீட்ல போட்டுப் பழகட்டும்னு. இதுலதான் கொஞ்சம் சிரிச்ச மொகமா உக்காருறா. நீங்களும் வந்தீங்கன்னா நல்லாருக்கும். வாரத்துக்கு நடுவுல லீவு வரும்ல, அன்னிக்குக் காலைல பத்து மணிக்கு..."

"எனக்குத் தெரியாதாம்மா? அந்தப் பள்ளிக்கூடத்துலதான நான் படிச்சேன்" என்று நான் குறுக்கே விழுந்தேன். கார்டில் பேசும் நேரம் தீர்ந்து லைன் அறுந்தது.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். ஞாயிறு தவிர, வாரத்தின் நடுவில் வியாழக்கிழமையும் எங்களுக்கு விடுமுறை. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது நாங்கள் கடற்கரையில் இருப்போம். அந்த வியாழக்கிழமைகளின் ருசியை இன்றைக்கும் மறக்க முடியாது. ஆக, அங்கே வியாழன் காலை பத்து என்றால் இங்கே பகல் ஒன்றரை. கணக்குத் தெளிவாக இருந்தது.

முதல் வியாழன் சோற்றை அரைகுறையாக விழுங்கிவிட்டுப் போனேன். சென்டரில் ஏழு கம்ப்யூட்டர். ஒன்றில் மவுஸ் இல்லை, இரண்டில் நாற்காலிக்கு முதுகு இல்லை. எனக்குக் கிடைத்ததில் ஏழாம் எண் பொத்தானை இரண்டு தடவை குத்தினால்தான் விழும். முற்றம் திறந்தது. ஒரு நத்தை, இரண்டு முயல், ஒரு வாத்து. கோழி இல்லை. விடுமுறை நாளில் இவ்வளவுதான் பிள்ளைகளா என்று தோன்றியது. வெயில் அடித்தால் வெளியே விளையாடப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முற்றத்தின் வாசலை ஒட்டி என் ஆமையை நிறுத்திவிட்டு, ஃபேன் காற்று படாத இடத்தில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோழி வரவில்லை.

அந்த ஞாயிறு மகளிடம் சொன்னேன்.

"வரலையேம்மா அவ. எவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன் தெரியுமா?"

"அவ உக்காந்திருந்தாளாம்பா. நீங்கதான் வரலைன்றா."

"கடியாரத்தச் சரியாப் பாக்கச் சொல்லு."

"உங்க கடியாரத்தப் பாருங்கப்பா மொதல்ல."

அடுத்த வியாழனும் இப்படியே. அதற்குள் அக்டோபர் முடியப் போகிறது, அங்கே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. பிடித்துவிட்டேன் என்று எழுந்தே நின்றுவிட்டேன். இனி ஒன்றரை இல்லை, இரண்டரை. அடுத்த வியாழன் இரண்டரைக்குப் போனேன். கோழி இல்லை. அதற்கடுத்த வியாழன் சந்தேகத்துக்கு ஒன்றரைக்கே போய் மூன்றரை வரை இருந்தேன். நத்தையும் வாத்தும் மாறி மாறி வந்தன. எங்கோ ஒரு பிள்ளை காய்ச்சலில் வெளியே விளையாடப் போகாமல் கிடக்கிறது போலிருக்கிறது, அந்த வாத்து எனக்கு 'ஆடலாமா' அனுப்பிக்கொண்டே இருந்தது. நான் அசையவில்லை. ஆட்டத்துக்குள் போன சமயத்தில் கோழி வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டால்?

"ஐயா, இன்னிக்காவது உங்க சிநேகிதி வந்தாங்களா?" என்று சென்டர் அம்மாள் ஜெராக்ஸ் எடுத்தபடி கேட்பார். நான் மின்விசிறியைக் குறை சொல்லிவிட்டு வெளியே வருவேன்.

வீட்டில் அக்கா. "ஒரே ஊட்ல இருந்தப்ப எட்டா ஒம்போதான்னு சண்ட. இப்ப கடல் தாண்டிப் போயும் ஓயலையாடா ஒங்களுக்கு?"

"சும்மா இரு அக்கா. நான் கணக்குத் தப்பமாட்டேன்."

"நீ தப்பமாட்ட. ஒலகந்தான் தப்பா சுத்துது."

பேத்தி போனுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். "கூப்ட்டா வரமாட்டேங்கறாப்பா. தாத்தா பொய் சொல்றாருன்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிடறா" என்றாள் மகள். அவள் குரலில் களைப்பு இருந்தது. வேலைக்குப் போய், குளிரில் நடந்து, பேச்சு இழந்த பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, எங்கள் பஞ்சாயத்தை வேறு தீர்க்க வேண்டும். பதினோரு 'ம்' இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை.

மழைக்காலம் வந்தது. வங்கக் கடலில் புயல் சின்னம் என்று சொன்ன நாளில், ஞாயிறு இல்லாதபோதும், மகள் போன் செய்தாள். தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். நேரம் மூன்று இருக்கும்.

"இங்க டிவியில காட்டறாங்கப்பா. அத்தையும் நீங்களும் நல்லாருக்கீங்களா? ஊட்ல தண்ணி வந்துதா?"

வரவில்லை, வாசற்படியில் இரண்டு படிதான் மூழ்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அவளுக்குப் பின்னால், அறையின் அந்தக் கோடியிலிருந்து, தெளிவாக ஒரு குரல் கேட்டது.

"அம்மா, தாத்தா இன்னிக்கும் வரல."

தண்ணீர்க் கதையை அப்படியே விட்டேன்.

"அவ ஸ்கூலுக்குப் போவலியா?"

"இன்னிக்கு லீவுப்பா."

"இன்னிக்குப் புதன்கெழமைதானே?"

"ஆமா. புதன்கெழமைதான லீவு."

"வியாழக்கெழமையில்ல லீவு வரும்!"

"யாருப்பா சொன்னா? இங்க எல்லா ஸ்கூலுக்கும் புதன்தான். எப்பவோ மாத்திட்டாங்களாம்."

எதிரில் அக்கா. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "வெள்ளக்காரனே கப்பலேறிப் போயி எத்தினி காலம் ஆச்சு, நீ இன்னம் அவன் குடுத்த வியாழக்கெழமயப் புடிச்சிக்கினு தொங்கறியேடா!"

மணியை மூன்று விதமாகக் கணக்குப் போட்டவன் நான். கிழமையை ஒரு தடவையும் தொட்டுப் பார்க்கவில்லை.

"அவள அங்கியே இருக்கச் சொல்லு, தோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக் குடையோடு இறங்கினேன். அக்கா பின்னால் கத்தியது காதில் விழவில்லை. சென்டரின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அம்மாள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாளியால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கரண்ட் காலைலயே போச்சு ஐயா. இந்த மழையில எங்க வந்தீங்க?"

"எப்ப வரும்?"

"அது கரண்ட் ஆபீஸ்காரனுக்கே தெரியாது. ஒக்காருங்க, தலையத் தொடைங்க மொதல்ல."

ஏழு திரையும் கறுப்பாக இருந்தன. எனக்கான திரை முன்னால் உட்கார்ந்தேன். அதற்குள் எங்கோ ஒரு கோழி, கடல்களுக்கு அப்பால், முற்றத்து வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறது. ஒரு பொத்தான் தூரம்தான். இருட்டும் வரை கரண்ட் வரவில்லை.

அடுத்த புதன் வரை எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மழை விட்டிருந்தது, கரண்ட் இருந்தது. முற்றம் திறந்ததும் திகைத்துப்போனேன். வாத்துகள், முயல்கள், நத்தைகள், முள்ளம்பன்றிகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. எண்ண ஆரம்பித்து அறுபதைத் தாண்டியதும் அவை இடம் மாறி மாறிக் கணக்கு குலைந்தது. என் வாழ்நாளில் எண்ண முடியாமல் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். இதுதான் விடுமுறை நாள். இதுதான் நான் அறிந்த வியாழக்கிழமை, பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

கோழிகளை ஒவ்வொன்றாகத் தேடினேன். நாற்பத்திரண்டு, பதினேழு, மூன்று. வாசலுக்குப் பக்கத்தில் ஒன்பது.

'வணக்கம்' அழுத்தினேன். பதில் இல்லை. மறுபடியும் 'வணக்கம்'. 'ஆடலாமா' அழுத்தினேன். கோழி திரும்பி நின்றுகொண்டது. கோபம். இத்தனை வாரக் கோபம். இருக்கட்டும். வேறு வார்த்தை எனக்குத் தரப்படவில்லை, இருந்த வார்த்தைகளைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். வணக்கம், வணக்கம், ஆடலாமா. ஆட்டமே தொடங்காமல் 'சபாஷ்' என்றும் ஒரு தடவை அழுத்திவிட்டேன்.

கோழி அசைந்தது. இரண்டு பேரும் பாதையின் தொடக்கத்தில் நின்றோம்.

ஏழு எண் வரும் இடத்திலெல்லாம் பொத்தானை இரண்டு தடவை குத்துவதற்குள் அவள் ஓடிவிட்டாள். குளத்தைத் தொட்டு இறக்கையை அடித்தாள். 'சபாஷ்' என்றேன். உடனே வந்தது, 'ஆடலாமா'. என் கண் மறைத்து அடுத்த கணக்கு தெரியவில்லை. பின்னால் அம்மாள் கேட்டார், "வந்துட்டாங்களா ஐயா?" தலையை மட்டும் ஆட்டினேன்.

அதன் பிறகு புதன்கிழமைகள். பேச்சில்லாமல் ஒரு பிள்ளையோடு எவ்வளவு பேசலாம் என்பதை அங்கே கண்டேன். ஐந்தாம் வாய்பாடு வந்தால் கோழி பறக்கும். எட்டாம் வாய்பாட்டில் நிற்கும். நிற்கிற நேரத்தை வைத்து, இப்போது விரல் விடுகிறாள், இப்போது பென்சிலைக் கடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் பாதி வழியில் நின்றவள் நெடுநேரம் நகரவில்லை. நானும் விடை போடாமல் நின்றேன். ஞாயிறு போனில் கேட்டால், "பால் குடிக்கப் போனேன் தாத்தா. நீங்க ஏன் முன்னால போவல?" என்றாள். ஆம், போனிலும் பேசத் தொடங்கியிருந்தாள். என்னைத் தோற்கடித்த கதைகள்தான் எல்லாம்.

பனி விட்டு, அங்கே மரங்கள் துளிர்க்கும் காலம் வந்தபோது, அவள் பேச்சு ஓடத் தொடங்கியது. பிரெஞ்சில். ஒரு ஞாயிறு மூச்சுவிடாமல் ஏதோ சொன்னாள். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. நான் என் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் பதில் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "தாத்தா, இந்த மாதிரி இங்க யாருமே பேசமாட்டாங்க!"

மகள் சொன்னாள், "கிளாஸ்ல இப்ப கையத் தூக்கிப் பதில் சொல்றாளாம்பா. ரெண்டு பொண்ணுங்க சிநேகிதமாயிட்டாங்க. புதன்கெழம நீச்சலுக்குப் போவாங்களாம், தானும் போவணும்னு அவளா கேட்டா. சேத்துட்டேன்."

எட்டு மாதமாக மகள் வேண்டிக்கொண்டிருந்தது இதுதான். என் வேண்டுதலும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"ரொம்ப நல்லதும்மா" என்றேன்.

போனை வைத்ததும் அக்கா பார்த்தாள். "நல்லதுன்னு சொல்லிட்டு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"வெயில்."

"ஆமா, ஊட்டுக்குள்ள வெயில்."

முதலில் நீச்சலுக்குப் போவதற்கு முன் கொஞ்ச நேரம் வந்தாள். ஓர் ஆட்டம், உடனே 'போய் வருகிறேன்'. நான்கு பொத்தான்களில் அந்த ஒன்றைத்தான் நாங்கள் அதிகம் தொட்டதில்லை, இப்போது அதுதான் அடிக்கடி வந்தது. பிறகு வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு மறைந்தாள். பிறகு முற்றம் நிறைந்திருக்கும் நேரத்திலும் கோழி ஒன்பதைக் காணவில்லை. ஆமை வாசலில் நின்றது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மின்விசிறியைக்கூட அம்மாள் மாற்றியிருந்தார்.

கோடை விடுமுறைக்குத் தளத்தை மூடினார்கள். செப்டம்பரில் திறந்தபோது திரையில் ஓர் அறிவிப்பு இருந்தது. புதிய பள்ளி ஆண்டு தொடங்குவதால் பழைய பிராணிகளும் எண்களும் நீக்கப்பட்டன, எல்லோரும் மறுபடி தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்று. அம்மாளுக்குப் படித்துச் சொன்னேன்.

"ஆமைதான ஐயா? எட்டுதான?"

இன்றைக்குள் ஏதாவது ஒரு பிள்ளை கோழியை எடுத்து, விளையாட்டாக ஒன்பது என்று போட்டுவிடும். அப்புறம் முற்றத்தில் கோழி ஒன்பது நிற்கும், அது அவளாக இருக்காது. எட்டாம் வாய்பாட்டில் நிற்காது. நான் எடுத்துவிட்டாலோ, நாளைக்கு அவள் மனம் மாறி வந்தால் அவளுக்கே கிடைக்காது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று முகம் வாடித் திரும்பிவிடுவாள். அல்லது யார் எடுத்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் போட்டாலும் மீதி வந்தது.

"கோழி போடுங்க" என்றேன். "ஒம்போது."

"அது பாப்பாவோடதாச்சே?"

"ஆமா. அவ வர்ற வரைக்கும் எடம் புடிச்சி வக்கிறேன்."

அம்மாள் போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

முற்றத்துக்குள் போனேன். வாசலுக்குப் பக்கத்தில் அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றேன். புது வருடத்துப் பிள்ளைகள் நெரித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு முயல் என்னைத் தொட்டு 'ஆடலாமா' என்றது. கோழி திரும்பி வாசலைப் பார்த்து நின்றுகொண்டது.